பூட்டன் பெயர்: கல்வெட்டுகளும் குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளும் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் பள்ளு, குறவஞ்சி, அம்மானை, அந்தாதி எனப் பிரபந்த வகைகள் பலவற்றை வரிசைப்படுத்தியுள்ளனர். அவ்வரிசையிற் கல்வெட்டு என்னும் பாவகைக்கு உரிய இடம் கிடைத்ததில்லை. யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்தபின் முப்பத்தோராம் நாளளவில் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவேற, வந்திருந்த உற்றார் உறவினர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூலே கல்வெட்டு எனப்படுவது. பெயரிலே கல் உண்டு. நூலிலே தாள் மட்டுமே உண்டு. ஆயினும், தம் முன்னோர் யாவர் எனத் தேடப் புகும் ஈழத்துத் தமிழர் ஒருவருக்கு மயானத்துக் கல்லோ, அரசாங்கத்துக் குடிசன மதிப்பீடோ தராத செய்தியை இத்தாளே தருகின்றது. இந்நூல் எவருக்கு அச்சிடப்பட்டது, எவருக்கு அச்சிடப்படவில்லை என்னும் வினா இலக்கிய வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் பின் அது குடியுரிமை பற்றிய வினாவாகவும் ஆயிற்று. வெள்ளவத்தையில் இறந்தவருக்குக் கல்வெட்டு உண்டு. அதே கொழும்பின் வடகிழக்கு ஓரத்தில், பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் ஒருகொடவத்தையில் இறந்த தொழிலாளிக்கு அது பெரும்பாலும் இல்லை. இவ்வேறுபாட்டிலிருந்தே இவ்வெழுத்துகளை நோக்குதல் தகும்.

கல்வெட்டின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்ற ஒன்று. காப்பு, திதி வெண்பா, குடிவழி கூறும் பகுதி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், தேற்றம் என அது செல்லும். கவிதை என்ற வகையில் இவற்றுட் பெரும்பாலானவை வறியன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே புலவர் பல வீடுகளுக்கு எழுதினார்; ஒரு வீட்டுக்குப் பாடிய புலம்பலில் முறைப்பெயரை மாற்றினால் அது மற்றொரு வீட்டுக்கும் பொருந்திற்று. சாய்ந்த ஆலமரமும் அணைந்த குலவிளக்கும் எத்தனை வீடுகளில் மீண்டும் மீண்டும் சாய்ந்தன, அணைந்தன என்பதற்குக் கணக்கில்லை. எனினும், குடிவழி கூறும் பகுதிக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகின்றது. இன்ன ஊரில், இன்ன குறிச்சியில், இன்னாருக்கு இத்தனையாம் பிள்ளையாகப் பிறந்து, இன்னாரிடம் பாடங்கேட்டு, இன்ன ஆண்டு மலாயாவுக்கோ கொழும்புக்கோ உத்தியோகம் பார்க்கச் சென்று, இன்ன ஊரிற் பெண் கொண்டு என அங்கே பெயர்களும் ஊர்களும் நெருங்கி வருகின்றன. அணிகளுக்கு அங்கே இடமில்லை. உவமைகள் நின்றுபோன இடத்திலேயே இந்நூலின் உயிர் தொடங்குகின்றது எனலாம்.

திதி வெண்பா தனியே நோக்கத்தக்கது. ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை நான்கடியில் அடக்குவது அதன் தொழில். ஆண்டுதோறும் திவசம் செய்வதற்கு வேண்டியது மாதமும் பக்கமும் திதியுமே. ஆண்டோ பிரபவ முதல் அட்சய வரையான அறுபதாண்டு வட்டத்துப் பெயராற் சுட்டப்படும். விகிர்தி ஆண்டு எனக் கண்டால் அது 1890இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1950இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். இன்னும் அறுபதாண்டு கழிந்து 2010இலும் அவ்வாண்டு வந்து சென்றது. அச்சகத்தின் பெயரையும் உடன் குறிப்பிடப்படும் நபர்களையும் கொண்டே எந்த விகிர்தி என்பதைத் தேடுபவர் துணியவேண்டியிருக்கும். பாடிய புலவரை இதற்குக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் தருப்பணம் செய்யவிருக்கும் மகனுக்காகப் பாடினார். சுவடிக்கூடத்தில் அமர்ந்து தேடப்போகும் கொள்ளுப்பேரன் அவர் எண்ணத்தில் இருந்ததில்லை. அத்தருப்பணத்திலும் தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூன்று தலைமுறையே பெயர் சொல்லி அழைக்கப்படும். அதற்கு மேலுள்ளோர் பெயரிழந்து பிதிரர் என்னும் கூட்டத்துட் கலந்துவிடுவர். மூன்று தலைமுறை என்னும் இவ்வெல்லை பின்னர் வேறோர் இடத்திலும் எதிர்ப்படும்.

பெயரிடும் வழக்கமும் தேடலுக்கு எளிதாக அமையவில்லை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கி மகன் பெயர் முன் நிற்கும். பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பெயரை இடுவது மரபாதலால் கந்தையா வேலுப்பிள்ளைக்கு வேலுப்பிள்ளை கந்தையாவும், அவருக்கு மீண்டும் ஒரு கந்தையா வேலுப்பிள்ளையும் பிறப்பர். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிற் பாட்டனும் பேரன், பேரப்பிள்ளையும் பேரன் என்பது இம்மரபின் சுவடே. பெயரை உடையவன், பெயரைப் பெற்றவன் என இருவரையும் ஒரு சொல் சுட்டுகின்றது. குடும்பத்துக்குள் இது குழப்பமன்று, உறவு. பதிவேட்டிலோ இது பெருங்குழப்பம். பதிவாளர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதிய ஒரே பெயர் மூவரைச் சுட்டுகின்றதா ஒருவரைச் சுட்டுகின்றதா என்பதைக் கல்வெட்டின் துணையின்றித் துணிதல் அரிது.

கல்வெட்டுக்கு இளையது மரண அறிவித்தல். வீரகேசரி 1930இலும், தினகரன் 1932இலும், யாழ்ப்பாணத்து ஈழநாடு 1959இலும் தோன்றின. இவற்றின் பக்கங்களிலும் இலங்கை வானொலியிலும் வளர்ந்த இவ்வுரைநடைக்கு ஓர் உறுதியான இலக்கணமே உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார் என ஒரே வாக்கியம் உம்மை மேல் உம்மையாக நீண்டு செல்லும். இதனைச் செயற்கை நடை எனத் தள்ளுவோர், அது காதுக்காக அமைந்த நடை என்பதை மறந்துவிடுகின்றனர். வானொலியில் ஒருமுறை வாசிக்கப்படுவதைக் கேட்டு, தமக்கு இழவு உண்டா இல்லையா என ஒருவர் துணிந்து அன்றிரவே புகைவண்டி ஏறவேண்டியிருந்தது. ஆகவே ஊரும் உறவும் முந்தி வரவேண்டும்; இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது அங்கே வேண்டப்படுவதில்லை. உயிருடன் இருப்போருக்குக் கடமையை அறிவித்த அவ்வாக்கியம், அறுபதாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஒரு குடிவழிப் படமாகிவிடுகின்றது. ஆயினும், பத்திரிகையில் இடத்துக்கும் வானொலியில் நேரத்துக்கும் கட்டணம் உண்டு. உறவு நீளுந்தோறும் காசும் நீளும். மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரை நீண்ட அறிவித்தல் உறவின் பெருக்கத்தோடு பணத்தின் பெருக்கத்தையும் காட்டுகின்றது.

இனி, உண்மையான கற்களைப் பார்க்கலாம். ஒருகொடவத்தையிலிருந்து அதிக தூரத்திலல்லாத வுல்வெந்தால் தேவாலயம் ஒல்லாந்தராற் கட்டப்பட்டு 1757இல் நிறைவுற்றது. 1813இல் கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்துப் பிரேதப் பெட்டிகளும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. அங்குள்ள கற்களை லியோபோல்ட் லுடோவிசி 1877இல் நூலாக்கினார். இலங்கை முழுவதிலும் உள்ள கல்லறை வாசகங்களைச் சிவில் சேவையாளரான பென்றி லூயிஸ் 1913இல் தொகுத்து, பல கல்லறைகளுக்கு உரியோரின் வரலாற்றையும் உடன் சேர்த்தார். 1908இல் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையிலே குடும்பம் குடும்பமாக வமிசாவளிகளை அச்சிட்டது. ஒரு சிறு சமூகம் தன் முன்னோரை இருநூறு, முந்நூறு ஆண்டு பின்னோக்கிப் பெயரோடும் திகதியோடும் நிறுவ முடிந்தமைக்குக் காரணங்கள் தெளிவானவை: அவர்கள் புதைத்தனர், கல் நாட்டினர், கோயிற் பதிவேட்டில் எழுதினர், குடும்பப்பெயர் கொண்டிருந்தனர். சைவத் தமிழரோ எரித்தனர். சாம்பலைக் கடலிலோ ஆற்றிலோ கரைத்தனர். போரில் வீழ்ந்தவனுக்குப் பெயரும் புகழும் பொறித்து நடுகல் எடுத்த பழந்தமிழ் வழக்கத்தின் வழிவந்தோர், நோயில் வீழ்ந்த தம் தந்தைக்கு ஒரு கல்லும் வைத்திலர் என்பது வியப்பாகத் தோன்றலாம். உடலை நிலத்தில் நிறுத்தாத மரபு பெயரை நாவில் நிறுத்தியது என்பதே அதற்கான விளக்கம். கத்தோலிக்கத் தமிழர் நிலை வேறு. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வாழ்ந்த பரதவர், கொழும்புச் செட்டிகள் ஆகியோர் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளின் துணையோடு தம் வழியைத் தொடர முடிகின்றது. அவர்களுட் பலர் 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே தனித்தனி இனத்தவராகக் கணக்கிடப்பட்டமைக்கு அந்நெடிய நினைவும் ஒரு காரணமாகலாம்.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற மற்றொரு பெரும் ஏடு தோம்பு. காணித் தோம்பு நிலத்தையும் தலைத் தோம்பு ஆட்களையும் கணக்கிட்டது. கடமைப்பட்ட ஊழியமும் இறையும் இவ்வளவு எனத் தெரிந்துகொள்வதே அதன் நோக்கம். திருச்சபைப் பாடசாலைகளிற் பேணப்பட்ட தோம்புகளோ ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தன. விவாகமும் மரபுரிமையும் செல்லுபடியாவதற்கு ஞானஸ்நானப் பெயர் வேண்டியிருந்தமையால், வீட்டிலே சைவராயிருந்தவரும் தோம்பிலே கிறித்தவப் பெயர் சூடி நின்றார். தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படும் இவ்வேடுகளிலே தம் மூதாதையைத் தேடுவோர், வீட்டில் ஒருபோதும் வழங்காத பெயரின் கீழ் அவரைக் காண நேரிடுகின்றது. அரசின் ஏடு மனிதரைத் தனக்கு வேண்டிய பெயரில் எழுதிக்கொள்ளும் என்பதற்கு இது பழைய சான்று.

குடிசன மதிப்பீடு அதனிலும் ஒருபடி மேலே சென்று பெயரையே விட்டுவிட்டது. இலங்கையில் நவீன முறையிலான மதிப்பீடு 1871இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்றது. 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டைப் பொன்னம்பலம் அருணாசலமும் 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டை டெனமும் நடத்தினர். அவர்தம் அறிக்கைகள் இன்றும் சுவையோடு படிக்கத்தக்கவை; சாதி, மொழி, நோய், உணவு, நம்பிக்கை என அவற்றில் இல்லாதது குறைவு. ஆனால், முன்னோரைத் தேடுவோருக்கு அவற்றில் ஒரு தனிமனிதரும் அகப்படார். இங்கிலாந்தில் மதிப்பீட்டுப் படிவங்கள் நூறாண்டு கழிந்ததும் பெயரோடு பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. இங்கோ தேடுவோர்க்குக் கிடைப்பவை அறிக்கைகளின் கூட்டுத்தொகைகளே. அத்தொகையும் நடுநிலையான தொகையன்று. 1911இலேயே தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு நிரல்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் நிரலில் 5,28,024 பேர், இரண்டாவதில் 5,30,983 பேர். 1971இல் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,656 ஆகக் குறைந்தது. கப்பலேறி இந்தியா சென்றோர் பலர். இந்நாட்டிலேயே இருந்துகொண்டு இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிவித்தோரும் உளர். ஒரு தந்தையின் பிள்ளைகளே இரண்டு நிரல்களில் நிற்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. முன்னோர் எவ்விடத்தவர் என்பதை அந்நிரல் கூறுவதினும், பதிவு செய்த நாளில் வீட்டார் எதற்கு அஞ்சினர் என்பதையே தெளிவாகக் கூறுகின்றது.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் அதே மூவர். தருப்பணத்துக்கு மகன் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தாற் போதும். சட்டத்துக்கோ பிறந்த இடத்துக்கான சான்றும் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்தது 1867இலே. 1948இல் நடுவயதினராயிருந்த ஒருவரின் பூட்டன் அதற்கு எவ்வளவோ முற்பட்டவர் என்பதைச் சட்டத்தை இயற்றியோர் அறியாதவரல்லர். அதே சட்டம் பெற்றோர் யாரென்று அறியப்படாமல் அநாதையாகக் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, வமிசாவளிப் பிரசையாகவே கொண்டது. முன்னோரே அறியப்படாத குழந்தை பிரசை; திருநெல்வேலிச் சீமையில் இன்ன ஊரில் பாட்டன் பிறந்தார் என்று உண்மையைச் சொன்னவர் நாடற்றவர். இதற்குமேல் ஓர் அங்கதம் எழுத எந்த எழுத்தாளராலும் இயலாது.

நாடற்றோர்க்கென 1949ஆம் ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. விவாகமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. ஏடு இல்லாமை இதிற் பெரும்பங்கு கொண்டது. இங்கே நேட்டாலை ஒப்பு நோக்குதல் பயன்தரும். 1860இல் சென்னையிலிருந்து முதற் கப்பல் சென்ற நாள் முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், கப்பல் என ஏட்டில் எழுதப்பட்டது. மொறிசியசிலும் அவ்வாறே, அந்த ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அந்நாடுகளில் ஐந்தாம் தலைமுறையினர் ஒருவர் தம் பூட்டனின் ஊரை எண்ணைக் கொண்டு கண்டறிய முடிகின்றது. இலங்கைக்கு வந்தோரிற் பெரும்பாலோர் ஒப்பந்தத்தின் கீழ் வந்தோரல்லர். கங்காணியின் பின்னே கூட்டமாக வந்தோர். அவர்கள் பெயர் இருந்தது கடனைக் குறித்த துண்டிலும் தோட்டத்துச் செக்றோலிலும். துண்டு முறையோ 1921இல் ஒழிந்தது. ஒழிந்தது நன்றே, ஆனால் தாளும் அதனோடு போயிற்று. கொழும்புத் துறைமுகத்துக்கும் மாநகரசபை வேலைக்கும் வந்தோருக்கு அத்துண்டுகூட இல்லை. ஒப்பந்த அடிமைத்தனம் ஏட்டை விட்டுச்சென்றது. ஒப்பந்தமின்றி வந்தோருக்கு ஏடு இல்லை. ஏடு இல்லாதவரிடமே அரசு ஏடு கேட்டது.

ஒருகொடவத்தை போன்ற இடத்தின் நிலை இப்பின்னணியிலேதான் விளங்கும். சதுப்பும் கால்வாயும் நெருங்கிய, பிற்காலத்திலே சுங்கத்தின் கொள்கலன் முற்றம் அமைந்த அப்பகுதியில் ஒரு தொழிலாளி இறந்தால் எஞ்சும் எழுத்து யாது? மரணச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதிலே பெயர், பால், இனம், வயது, தொழில், பெற்றோர் பெயர், மரண காரணம், அடக்கம் அல்லது தகனம் நடந்த இடம் ஆகியன இருக்கும். பெற்றோர் பெயர் தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்த அளவிலேயே இருக்கும். அயலவர் கொடுத்த தகவலில் அந்த நிரல் வெறுமையாகவும் இருக்கலாம். மாதம்பிட்டியிலோ கனத்தையிலோ கல் வைக்க வசதியற்றோரின் மண்மேடு சில மழைக்குள் சமமாகிவிடும். பத்திரிகை அறிவித்தலுக்குக் காசில்லை. கல்வெட்டுப் பாட ஊர்ப்புலவர் இல்லை. தெருவுக்குக் குறுக்கே கட்டப்படும் வெள்ளைக் கொடிகளும், இறந்தவரின் படத்தோடு சந்தியில் தொங்கும் பதாகையுமே அவருக்கான கல்வெட்டு. அதிலும் பெயர் உண்டு, திகதி உண்டு, சில வேளை பிள்ளைகளின் பெயரும் உண்டு. அடுத்த வாரம் அது அங்கிருப்பதில்லை. இவ்வாறு ஏடற்று இறந்தவரின் மகனிடமே பிறப்புப் பதிவுப் படிவம் பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயரையும் ஆண்டையும் இடத்தையும் கேட்டது. தந்தை இலங்கையிற் பிறவாதவராயின் பூட்டனைப் பற்றியும் கேட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்ரோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. பூட்டன் நிரல் அதன் பின்னும் படிவத்தில் நின்றது.

இவற்றையெல்லாம் கூறுவதால் வெள்ளவத்தையின் கல்வெட்டு நிறைவான ஏடு என்று ஆகிவிடாது. அதன் மௌனங்களும் ஆராயத்தக்கவை. குடிவழி ஆண்வழியாகவே செல்கின்றது. தாயின் தாய் யாரென்பது மூன்றாம் தலைமுறையிலேயே மறைந்துவிடுகின்றது. வீட்டார் விரும்பாத விவாகம் செய்த மகள் சில வேளை பெயரின்றியே விடப்படுகின்றாள். பறை முழக்கியவரும், கட்டாடியும், அம்பட்டரும் இல்லாமல் அச்சாவீட்டுக் கிரியை எதுவும் நடந்திராது. அவர்களுள் ஒருவர் பெயரும் நூலில் இராது. அவர்தம் வீட்டு மரணத்துக்குக் கல்வெட்டும் இராது. யாழ்ப்பாணத்துக்கு உள்ளேயே ஓர் ஒருகொடவத்தை இருந்தது என்பதைக் கல்வெட்டை வாசிப்போர் மறந்துவிடலாகாது. அரசின் நிரலைக் குறைகூறுவோர் தம் வீட்டு ஏட்டின் நிரலையும் பார்த்தல் வேண்டும்.

இருந்த ஏடுகளும் பாதுகாப்பாக இருந்தனவல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அச்சிடப்பட்டவற்றோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது அலுமாரிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழ்களும் சாவீட்டுப் படங்களும் கல்வெட்டுகளும் சேர்ந்தே எரிந்தன. கல்வெட்டை இலக்கியமல்ல எனத் தள்ளிய திறனாய்வாளரால் நேர்ந்த இழப்பும் உண்டு: நூலகங்கள் அதனைச் சேர்க்கத்தக்க நூலாகக் கொள்ளவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து மின்வடிவில் வைத்திருப்பது இவ்விடைவெளியைச் சிறிது நிரப்புகின்றது. இப்போது அவற்றை வாசிப்போர் புலம்பலைத் தாண்டிக் குடிவழிப் பகுதிக்கு நேரே செல்வதே வழக்கம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், ஒருகொடவத்தைப் பகுதிகளின் பதாகைகளையும் சிறு துண்டுப் பிரசுரங்களையும் அவ்வாறு சேர்க்கும் வேலை எஞ்சியிருக்கின்றது. அவற்றை ஒரு கைப்பேசியாற் படம்பிடித்து, சந்தியின் பெயரையும் திகதியையும் அடியில் எழுதி வைப்பதற்குப் புலமை எதுவும் வேண்டியதில்லை. மழைக்கு முன் செல்லவேண்டும்.